வெயில் சாரும் நாலில் ஒரு பங்கு வெளிச்சமும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஜில்லாவையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் சூரியன் மேல் சந்தேகப்பட்ட ஆள் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் வெயில் சார். மற்றவர்கள் காலையில் எழுந்து சூரியனைக் கும்பிடுவார்கள், மத்தியானம் திட்டுவார்கள். இவர் வெளிச்சம் அளக்கிற மீட்டரும் கையுமாக மொட்டை மாடிக்குப் போய், "என்ன, இன்னைக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கு?" என்று நேருக்கு நேர் விசாரணை வைப்பார். பதில் வராத கோபத்தில் கீழே இறங்கி வந்து எங்கள் மேல் எரிந்து விழுவார்.

கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே அவர்கள் நாள் முழுக்கக் குடத்தைத் தட்டுவார்கள், மேலே நாங்கள் கம்ப்யூட்டரைத் தட்டுவோம். எங்கள் வேலை இதுதான். வெளிநாட்டில் யாரோ கட்டடம் கட்டுவார்கள். அதன் ஜன்னல்களை நாங்கள் சாஃப்ட்வேரில் மாட்டி, அதற்குள் வெயிலை விட்டுப் பார்த்து, உள்ளே எவ்வளவு வெளிச்சம் வரும், யாருக்குக் கண் கூசும் என்று கணக்குச் சொல்வோம். இதை ஊர்க்காரர்களுக்கு விளக்கிப் பார்த்துக் களைத்துப்போனோம். அவர்களுக்கு இது ஜன்னல் கம்பெனி, அவ்வளவுதான். அடிக்கடி யாராவது கிரில் விலை கேட்டுப் படியேறி வருவார்கள்.

அப்படி ஒருநாள் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகன் சிங்கப்பூரில், இங்கே புது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது, ஜன்னல் வேண்டும். "இது அந்தக் கம்பெனி இல்லீங்க" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வெயில் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்.

"ஹாலு எந்தப் பக்கம் பார்த்து?"

"மேக்க பார்த்துங்க."

"ஜன்னல்?"

"தரையிலேருந்து மேல வரைக்கும் கண்ணாடிங்க. பையன் படம் அனுப்பியிருக்கான், பாருங்க."

சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்கும் பையனுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

பெரியவர் பதறிப்போனார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே!"

"அப்புறம் எதுக்கு உங்களை அவிக்கப் பாக்குறான்? சித்திரை மாசம் சாயந்திரத்துல அந்த ஹால்ல நெல்லைக் கொட்டி வைங்க. புழுங்கலாவே அள்ளிக்கலாம்."

வந்தவர் எங்களிடம் ஜன்னல் வாங்கவில்லை. இருக்கிற கண்ணாடியில் பாதியை அடைத்துச் செங்கல் வைக்கச் சொல்லி மேஸ்திரிக்குப் போன் பேசிக்கொண்டே படியிறங்கினார்.

வெயில் சாருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. முன்பு பாலிடெக்னிக்கில் பிசிக்ஸ் வாத்தியார், லேபுக்குத் திரைச்சீலை மாட்டச் சொன்ன பிரின்ஸிபாலோடு சண்டை போட்டு வெளியே வந்தவர் என்று ஒரு பேச்சு இருந்தது. இருக்கும். தோளில் ஒரு குடை தொங்கும், விரித்து யாரும் பார்த்ததில்லை. வெயிலில் ஏன் விரிக்கவில்லை என்று கேட்டால், "வெயில்ல நிக்காம வெயிலைப் பத்தி என்னத்தைத் தெரிஞ்சுக்குறது?" என்பார். மழையில் கேட்டால், "காத்தடிக்குதுல்ல, கம்பி ஒடிஞ்சிடும்" என்பார். நாங்கள் டிபன் சாப்பிடும் ஹோட்டலில் ஒருநாள் மேஜை மேல் மீட்டரை வைத்து அளந்துவிட்டு, "இந்த வெளிச்சத்துல சட்னி எது சாம்பார் எதுன்னே தெரியல" என்று முதலாளியிடம் புகார் செய்தார். "சாப்பிட்டுப் பாருங்க சார், தெரியும்" என்றார் முதலாளி. சார் சாப்பிட்டுப் பார்த்தார். "இப்பவும் தெரியல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவரை ஆபீஸில் வைத்திருந்ததற்குக் காரணம் அவருடைய பெட்டி. மொட்டை மாடியில் பிளைவுட்டில் அவரே அடித்த பெட்டி அது. உள்ளே முழுக்கக் கறுப்புப் பெயின்ட், மேற்குப் பக்கம் ஒரு சதுர ஓட்டை. பெரிய ஆபீசர் அறை ஜன்னல்களில் அலுமினியப் பட்டைகள் குறுக்காக அடுக்கித் தொங்குமே, கயிற்றை இழுத்தால் எல்லாப் பட்டையும் ஒன்றாகத் திரும்புமே, அந்த பிளைண்ட்ஸைக் கட்டடக்காரர்கள் அனுப்பினால் சார் ஓட்டையில் மாட்டிவிடுவார். வெளியே ஒரு லைட் மீட்டர், பட்டைக்குப் பின்னால் உள்ளே ஒரு லைட் மீட்டர். வெளியே இருக்கிற வெளிச்சத்தில் எத்தனை பங்கு உள்ளே வந்தது என்று பார்ப்பார். எங்கள் சாஃப்ட்வேரும் அதே பங்கைச் சொல்ல வேண்டும். "சாஃப்ட்வேர் சொல்றது வக்கீல் வாதம். பெட்டி சொல்றதுதான் தீர்ப்பு" என்பது அவர் கொள்கை. எங்கள் அதிர்ஷ்டம், வாதமும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒத்துப்போயின. சுகந்தியின் முதல் வேலை வருகிற வரை.

சுகந்திக்கு வலங்கைமான் பக்கத்துக் கிராமம். அவள் வீட்டில் முன்பெல்லாம் அடுத்தவர் வயலில் நடவுக்குப் போனவர்கள். இப்போது அவளுடைய அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துத் தானே சம்பா போடுகிறார். அவள் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் அலைந்து திரிந்து, வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகிற தூரத்தில் ஒரு வேலை என்று எங்களிடம் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு வெளிநாட்டு நூலகத்தின் வாசிப்பு அறை ஜன்னலைத் தனியாக அவள் கையில் கொடுத்து, "இது சரியாப் போச்சுன்னா கன்ஃபர்ம் பண்றேன், இல்லேன்னா பாத்துக்க" என்று சென்னையிலிருக்கும் எங்கள் எம்.டி. போனில் பச்சையாகவே சொல்லியிருந்தார்.

அவள் கணக்குப்படி, பட்டைகளைப் பாதி சாய்த்து வைத்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வரும், உட்கார்ந்து படிக்கத் தோதாக இருக்கும். நூலகம் கட்டுகிற அம்மாளுக்கு அது பிடித்துப் போயிற்று. ஆனால் நூற்றுக்கணக்கான ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், நிஜப் பட்டையை ஒருமுறை பெட்டியில் வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று சாம்பிளைக் கூரியரில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீடியோவில் பேசலாம் என்றும் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை. சார் மாடியில் சாம்பிளை மாட்டி அளந்துவிட்டு இறங்கி வந்தார். அவர் சத்தம் போடாமல் இறங்கி வந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று எங்களுக்குத் தெரியும்.

"நாலுல ஒரு பங்குதான் வருது" என்றார்.

சுகந்தி எழுந்து நின்றாள். "சார், மூணுல ஒண்ணு வரணும்."

"வரணும்னு நீ சொல்ற. வரலைன்னு பெட்டி சொல்லுது."

கேட்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். அந்த நூலகத்தில் உட்காரப்போகிறவனுக்கு அற்பமில்லை. நாலில் ஒரு பங்கு என்றால் பட்டப்பகலில் லைட் போட்டுப் படிக்க வேண்டும். அந்த அம்மாள் வேறு பட்டை தேட வேண்டும், சுகந்தி வேறு வேலை தேட வேண்டும்.

அன்றிலிருந்து ஆபீஸில் யாரும் நிம்மதியாக மூச்சுவிடவில்லை. சார் சுகந்தியின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் செய்த மாடலைத் துருவ ஆரம்பித்தார்.

"பட்டை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"வெளி ஓரம் கீழே சார். பெட்டியில மாட்டியிருக்கிற மாதிரியேதான்."

"உன் சாஃப்ட்வேருக்கு அது தெரியுமா? அதுக்கு ப்ளஸ்ஸுன்னா எந்தப் பக்கம், மைனஸ்ஸுன்னா எந்தப் பக்கம்? திருப்பிப் போட்டுப் பாரு."

திருப்பிப் போட்டாள். பட்டைகள் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டன, வெளிச்சம் பாதிக்கு எகிறியது. நாலில் ஒன்றை நோக்கி இறங்க வேண்டிய எண் எதிர்த்திசையில் ஓடியதைப் பார்த்து, சாருக்கு அதிலும் ஒரு திருப்தி இருந்ததுபோல எனக்குப் பட்டது. மறுபடி பழையபடி வைத்தாள்.

"பட்டை தட்டையா, வளைவா?"

"நிஜத்துல லேசா வளைவு இருக்கு சார். நான் தட்டையாத்தான் போட்டேன்."

"ஆங்!" என்று சார் குதித்தார். வளைவு போட்டாள். எண் ஒரு மயிரிழை நகர்ந்து நின்றுகொண்டது. முன்பக்கம் பின்பக்கம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார்கள், மாறவில்லை. பட்டைக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தார்கள், சரியாக இருந்தது. கடைசியில், "உன் சாஃப்ட்வேர்ல இப்ப கும்பகோணத்துல சூரியன் எங்க இருக்கு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். சார் மாடிக்குப் போய்க் குச்சி நட்டு அதன் நிழலை அளந்து வந்து, "சரியாத்தான் இருக்கு" என்று வேண்டா வெறுப்பாக ஒப்புக்கொண்டார்.

நடுவில் வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. ஐப்பசி பிறக்கிற நேரம். ஆற்றில் வந்த தண்ணீர் கடைமடைக்கு எட்டவில்லை என்று டெல்டா முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தியின் அப்பா நேரடி விதைப்பு செய்துவிட்டு, மழை இல்லாமல் பயிர் காய்கிறதே என்று தினமும் அவளுக்குப் போன் செய்வார். எங்களுக்கோ பெட்டியை அளக்க வெயில் வேண்டும்.

"சாமிகிட்ட என்ன வேண்டிக்கிறதுன்னே தெரியல அண்ணே" என்றாள் என்னிடம். "அப்பாவுக்கு மழை வேணும், எனக்கு வெயில் வேணும். ரெண்டையும் ஒரே வாயால எப்படிக் கேக்குறது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது, சரியாகச் சாப்பிடுவதுமில்லை என்று தெரிந்தது.

புதன்கிழமை எம்.டி. போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னார், சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"இதுல என்ன கஷ்டம்? சுகந்தி, பட்டையோட கலர்ல பளபளப்பைக் கொஞ்சம் கொறைச்சுப் போடு. வெளிச்சம் குறையும். பெட்டி நம்பரோட பொருந்திடும். பட்டையில கொஞ்சம் அழுக்கு இருக்கும்னு கணக்கு வச்சோம்னு சொல்லிட்டு முடிச்சிடலாம்."

அது ஒரு நிமிஷ வேலை. சாஃப்ட்வேரில் ஓர் எண்ணை மாற்றினால் பட்டை கறுத்துவிடும், கணக்கு நாலில் ஒன்றாகிவிடும், அந்த அம்மாளிடமும் சமாளித்துவிடலாம். சுகந்தியின் கை மௌஸ் மேல் இருந்ததை நான் பார்த்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் போன் வைப்பதற்குள் மாற்றியிருப்பேன்.

போன் வைத்ததுதான் தாமதம், சார் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கீழே பட்டறைச் சத்தமே நின்றுவிட்டதுபோல இருந்தது.

"நீ கம்ப்யூட்டர்ல கறுப்படிச்சா அங்க தொங்குற பட்டை கறுத்துடுமா? ஏம்மா, உனக்கு உன் கணக்கு மேல நம்பிக்கை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"எனக்கு இல்ல. தப்புன்னுதான் சொல்றேன். ஆனா எந்த இடத்துல தப்புன்னு நீ கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு எண்ணைத் தொட்டே, மௌஸைப் புடுங்கி ஆத்துல போட்டுடுவேன்!"

அவளைக் காப்பாற்றுகிறாரா, கழுத்தை நெரிக்கிறாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நான் மாடிக்குப் போனபோது சார் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார், அதுவே அதிசயம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எம்.டி. குரல் எனக்கும் கேட்டது.

"ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் உங்க பெட்டி இழுத்தடிக்குது சார். மத்த எவனும் இப்படிப் பெட்டி வச்சுக்கிட்டு இருக்கல. இந்தத் தடவை பெட்டிதான் தப்புன்னு ஆச்சுன்னா அதை எடுத்துடுங்க. இல்ல, அந்தப் பொண்ணு தப்புன்னா அவளை அனுப்பிடலாம். எனக்கு ரெண்டுல ஒண்ணு வேணும்."

சார் போனை அணைத்துவிட்டுத் திரும்பினார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதே."

"ஏன் சார்? தெரிஞ்சா அவளும் கொஞ்சம் உஷாரா..."

"தெரிஞ்சா இரக்கப்படும். பெட்டி போயிடுமேன்னு தன் கணக்கை அட்ஜஸ்ட் பண்ணிடும். சொல்லாதே."

நான் சொல்லவில்லை. அந்தப் பெட்டி இல்லாமல் போனால் அந்த மனிதருக்கு ஆபீஸில் வேறு வேலையே கிடையாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை முழுக்க மேகம், ஒன்றும் அளக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மேற்கே கொஞ்சம் வெளுத்து வெயில் எட்டிப் பார்த்தது. கிழக்கே கன்னங்கரேலென்று திரண்டு நின்றது. மூவரும் மாடிக்கு ஓடினோம். சார் அளந்தார். அதே நாலில் ஒரு பங்கு.

அப்போது சுகந்தி மெதுவாகச் சொன்னாள். "சார், பட்டையைக் கழட்டிட்டு ஒரு தடவை அளக்கலாமா?"

"கழட்டிட்டு எதை அளப்பே?"

"வெறும் ஓட்டையை."

"ஓட்டையை அளக்க என்னம்மா இருக்கு? ஓட்டை ஓட்டைதான்!"

"அதான் சார். ஓட்டையில ஒண்ணுமே இல்லேன்னா, உள் மீட்டரை ஓட்டை வாசல்லயே வச்சா, வெளியில வர்ற நம்பரும் உள்ளே வர்ற நம்பரும் ஒண்ணாத்தானே இருக்கணும்?"

"இருக்கும். இருக்காம எங்க போகும்?"

"பாத்துடலாமே சார்."

சாருடைய முகம் சிவந்தது. என் பெட்டியைச் சோதிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி மாடி முழுக்க நின்றது. கிழக்கிலிருந்து சில்லென்று காற்று வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் போய்விடும். அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவள் அவரை எதிர்த்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

சார் விறுவிறுவென்று பட்டையைக் கழற்றினார். உள் மீட்டரை ஓட்டை வாசலில் வைத்தார். குனிந்து எண்ணைப் பார்த்தார். வெளி மீட்டரைப் பார்த்தார். மறுபடி உள் மீட்டரைப் பார்த்தார்.

வெறும் ஓட்டையிலேயே கால் பங்கு வெளிச்சம் காணாமல் போயிருந்தது.

"வெயிலு மாறிடுச்சோ?" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல். சார் என் பக்கம் திரும்பவே இல்லை. சுகந்தி உள் மீட்டரைக் கையில் எடுத்தாள். அதன் தலையில் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும், அதன் வழியாகத்தான் அது வெளிச்சத்தை வாங்கும். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சார், சந்தன வாசனை வருது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் என்று எதுவும் பொட்டு இல்லாமல் தப்ப முடியாது. மீட்டரை மட்டும் வேறு யாரும் தொட சார் விடமாட்டார், அவரே சந்தனம் குழைத்து அவரே வைப்பார். வெளி மீட்டர் அன்றைக்கு சர்வீஸுக்குப் போயிருந்ததால் தப்பித்தது. இருந்த ஒன்றுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்றால், நெற்றி மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு இருப்பது அந்தக் குமிழ் ஒன்றுதான். பூஜை முடிந்து வேட்டி முனையால் துடைத்திருக்கிறார். துடைத்ததில் பொட்டு போய்விட்டது, சந்தனம் குமிழ் முழுக்கப் பரவி மெல்லிசாகக் காய்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க எங்கள் தீர்ப்பு சந்தனக் காப்பு சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாரும் சிரிக்கவில்லை. சார் பையிலிருந்து பஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் குமிழைத் துடைத்தார், குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல அவ்வளவு பொறுமையாக. வெறும் ஓட்டையை அளந்தார். இரண்டு மீட்டரும் ஒரே எண்ணைச் சொன்னன. பட்டையை மாட்டினார். மேகம் தலைக்கு மேல் வந்து சூரியனை நெருங்கிவிட்டது. கீழேயிருந்து, "எம்.டி. லைன்ல இருக்காரு, அந்தம்மாவும் வந்தாச்சு!" என்று குரல் வந்தது.

"இரு, இரு" என்று மேகத்தைப் பார்த்துச் சொன்னார் சார். பட்டையைச் சாய்த்தார், எண்ணைப் படித்தார். அடுத்த நிமிஷம் நிழல் விழுந்துவிட்டது.

"எவ்வளவு சார்?" என்றாள் சுகந்தி.

"மூணுல ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

படியில் நான் அவர் கையைப் பிடித்தேன். "சார், மேகம்னு சொல்லிடுங்க. இந்த வாரம் பூரா வெயில் சரியில்ல, இன்னைக்குத்தான் சரியா அளக்க முடிஞ்சுதுன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. பெட்டியும் தப்பிச்சுக்கும், சுகந்தியும் தப்பிச்சுக்கும்." நான் சொன்னதில் பொய் ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் என் கையை எடுத்துவிட்டு உள்ளே போனார்.

திரையில் ஒரு பக்கம் எம்.டி., இன்னொரு பக்கம் அந்த அம்மாள். பெட்டியிலும் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது என்று சுகந்தி சொன்னதும் அந்த அம்மாள் சந்தோஷப்பட்டார். எம்.டி. விடவில்லை. "அப்போ திங்கக்கிழமை நாலுல ஒண்ணுன்னீங்களே, அது என்ன?" என்று தமிழில் கேட்டார்.

சார் எழுந்து நின்றார். வீடியோவில் பேச யாராவது எழுந்து நிற்பார்களா? அவர் நின்றார். திரையில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். பட்டறையும் அடுத்த தெருவும் கேட்கிற குரலில் இங்கிலீஷில் அந்த அம்மாளிடம் அவர் சொன்னது இதுதான். "எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருநாள் கருவிகளுக்கு மரியாதை செய்வோம். என் மீட்டருக்கு நான் அளவுக்கு மீறி மரியாதை செய்துவிட்டேன். அதன் கண்ணிலேயே சந்தனம் பூசிவிட்டேன்."

பிறகு எம்.டி. பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "மீட்டர் என்னுது. சந்தனமும் என்னுது. தப்பும் என்னுதுதான். கணக்கு இந்தப் பொண்ணோடது, அது முதல் நாள்லேருந்து சரியா இருந்துச்சு. நான் அது மேல அஞ்சு நாளா அபாண்டம் சொல்லியிருக்கேன்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். எம்.டி. சிரிக்கவில்லை. சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய போன் அடித்தது, அப்பாதான். அவள் எடுத்து, "தெரியும்ப்பா, இங்கயும் பெய்யுது" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அடுத்த வாரம் அவளுக்கு வேலை நிரந்தரமானது. அதே வாரம் ஒரு காலையில் சார் ஸ்குரூடிரைவர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பெட்டியைப் பலகை பலகையாகக் கழற்றி அடுக்கினார். உதவிக்குப் போன என்னை, "ஆணியைச் சிந்தாம எடு, யாரு காலுலயாவது குத்தும்" என்று விரட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். "ஒரு தப்புக்காக இவ்வளவு ரோஷமா சார்? எனக்காகவாவது விட்டுடுங்க" என்று சுகந்தி கெஞ்சினாள். "எனக்கே அலுத்துப்போச்சும்மா" என்றார். அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டோம். போன் செய்தால் எடுக்கமாட்டார், எடுத்தால் காது கேட்காது.

சுகந்தி இப்போது அந்த ஆபீஸுக்கே பொறுப்பாளர். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, வெறும் ஓட்டையை அளக்கக் கற்றுக்கொடுக்கிறாள். சார் ரோஷத்தில்தான் பெட்டியைப் பிரித்தார் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். "நான் அன்னைக்கு அந்தப் பேச்சை எடுத்திருக்கவே கூடாதுண்ணே" என்று சென்ற மாதம்கூட என்னிடம் வருத்தப்பட்டாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் தன் பெட்டி போய்விடும், தன் வேலையும் போய்விடும் என்று தெரிந்தே அவர் எழுந்து நின்றார் என்பது அவளுக்குத் தெரியாது.

அவளிடம் சொல்லாதே என்றுதான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுதாதே என்று சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை அவர் ஊர்க் கடையிலும் தொங்குகிறது. படித்தால் பஸ் பிடித்து வந்து நடுத்தெருவில் நிறுத்தி என்னைத் திட்டுவார். திட்டட்டும். அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.